பிங் எங்கே ஏறுகிறது? ஆன்லைன் கேம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பிளானிலிருந்து 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் மும்பை சர்வருக்கு பிங் அப்போதும் 38, இப்போதும் 38. கேபிள்காரர் 500 பிளான் எடுத்தால் குறையும் என்கிறார். எடுக்கலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எடுக்க வேண்டாம். விளையாடிக்கொண்டிருக்கும்போது ஒரு கேம் இழுக்கும் டேட்டா பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்ஸைக்கூடத் தொடாது. 100-லேயே உங்களுக்கு அது தாராளம். பிளானில் சொல்லும் எண், ஒரு வினாடிக்கு எவ்வளவு டேட்டா போகும் என்பது. பிங் என்பது ஒரு சின்ன பாக்கெட், அதாவது டேட்டாத் துண்டு, சர்வருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பது. முதலாவதைக் காசு கொடுத்துக் கூட்டலாம். இரண்டாவதை முதலில் தீர்மானிப்பது தூரம்.

ஃபைபர் கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அதாவது 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி செகண்ட். கோவையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். ஆனால் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. சென்னை வழியாகவோ பெங்களூரு வழியாகவோ சுற்றிப் போகும், நடுவில் பல ரூட்டர்களைத் தாண்டும். அதனால் 25 முதல் 40 வரை வருவது இயல்பு. சிங்கப்பூர் சர்வரென்றால் நேர்கோடு மட்டுமே 3,100 கிலோமீட்டருக்கு மேல். அங்கே 30-க்குக் கீழே யார் எந்த பிளான் விற்றாலும் வராது.

வேலரன்ட் சர்வர் வினாடிக்கு 128 தடவை ஆட்டத்தைக் கணக்குப் போடுகிறது. ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 7.8 மில்லி செகண்ட். உங்கள் 38, 30 ஆகிவிட்டாலும் ஒரே ஒரு கணக்கு முந்துவீர்கள், அவ்வளவுதான். ஆட்டத்தைக் கெடுப்பது அசையாமல் நிற்கும் 38 அல்ல. 25-க்கும் 120-க்கும் இடையே ஊசலாடும் பிங். கேமின் செட்டிங்கில் பிங்கையும் பாக்கெட் லாஸையும் (வழியில் தொலைந்துபோகும் பாக்கெட்டுகள்) கிராஃபாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்து இரண்டு மேட்ச் பாருங்கள். கோடு நேராக இருந்தால் உங்கள் நெட் நன்றாகவே இருக்கிறது, மிச்சப்பட்ட காசை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பகலில் பிங் 30. ராத்திரி 8 மணிக்கு மேல் 200, 300 என்று எகிறுகிறது. அப்பா டிவியில் படம் பார்ப்பார், அக்கா ஆபீஸ் வேலையாக வீடியோ காலில் இருப்பார், வாசலில் இரண்டு சிசிடிவி கேமரா உண்டு. நெட் கம்பெனிக்குப் போன் செய்தால் ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அதில் 100 முழுசாக வருகிறது. தப்பு எங்கே?
- வாசகர், ஈரோடு

பதில்: ராத்திரி பிங் ஏற இரண்டு காரணம் உண்டு. ஒன்று, உங்கள் வீட்டுக்குள்ளேயே லைன் நிரம்புவது. இரண்டு, கம்பெனியின் லைன் ஊருக்கே போதாமல் நிரம்புவது. முதலாவதை நீங்களே சரி செய்யலாம். இரண்டாவதை வீட்டிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. எது என்று தெரியாமல் ரூட்டரை மாற்றினால் காசு தண்டம்.

கம்ப்யூட்டரை லேன் வயரில் இணையுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் இரண்டு திறந்துகொள்ளுங்கள். முதல் ஜன்னலில் ரூட்டருக்குப் பிங் போடுங்கள்: ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு 192.168.1.1, மறுபடி இடைவெளி, ஒரு சின்னக் கோடு, அதை ஒட்டி டி எழுத்து. உங்கள் ரூட்டரின் முகவரி வேறாக இருக்கலாம். ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் சரியான எண் கிடைக்கும். இரண்டாவது ஜன்னலில் இதேபோல 8.8.8.8-க்குப் போடுங்கள், அது கூகுளின் பொது சர்வர். இரண்டும் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

ராத்திரி 9 மணிக்கு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் டிவி, போன்கள், கேமரா எல்லாவற்றையும் நெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போது இரண்டு ஜன்னலையும் பாருங்கள். லேன் வயரில் ரூட்டர் பிங் 1 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும். அது 50, 100 என்று குதித்தால் வயரிலோ ரூட்டரிலோ கோளாறு. அது சரியாக இருந்து 8.8.8.8 மட்டும் வீடே சும்மா இருக்கும்போதும் 150-ஐத் தாண்டினால், நெரிசல் வெளியே இருக்கிறது. வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஒரே ஃபைபரை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பது வழக்கம். அதற்கு மேலே உள்ளூர் ஆபரேட்டர் வாங்கி வைத்திருக்கும் லைன் எத்தனை பேருக்குப் பங்காகிறது என்பது இன்னொரு விஷயம். அங்கே நிரம்பினால் புகார் கொடுப்பதும் ஆபரேட்டரை மாற்றுவதும்தான் வழி.

இரண்டும் அமைதியாக இருக்கிறதா? அப்படியானால் எல்லாவற்றையும் பழையபடி இணைத்துவிட்டு, ஒரு பெரிய வீடியோவை கூகுள் டிரைவில் ஏற்றத் தொடங்குங்கள். 8.8.8.8 ஜன்னலில் 30 என்றிருந்தது சில வினாடிகளில் 200-க்குப் போனால் நோய் பிடிபட்டுவிட்டது. இதை பஃபர்புளோட் என்பார்கள். உங்கள் வீட்டு விவரத்தைப் பார்த்தால், குறிப்பாக அந்த கேமராக்களைப் பார்த்தால், இதுவாக இருக்கவே அதிக வாய்ப்பு.

நடப்பது இதுதான். மோடமுக்குள் ஒரு தற்காலிக நினைவகம் இருக்கிறது. லைன் தாங்குவதைவிட அதிகமாக வீட்டிலிருந்து டேட்டா வந்தால், மோடம் அதைத் தூக்கிப் போடாமல் அங்கே வரிசையில் நிறுத்தி வைக்கும். நல்லெண்ணம்தான், ஆனால் உங்கள் கேம் பாக்கெட்டும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ரேஷன் கடையில் ஒரு தீப்பெட்டி மட்டும் வாங்க வந்தவர், மூட்டை மூட்டையாக அரிசி வாங்க நிற்கும் முப்பது பேருக்குப் பின்னால் நிற்பதுபோல. கணக்குப் பாருங்கள்: வரிசையில் 1 எம்பி டேட்டா இருந்தால் அது 80 லட்சம் பிட். அப்லோடு 100 எம்பிபிஎஸ் என்றால் அந்த வரிசை காலியாக 80 மில்லி செகண்ட். உங்கள் பிளானில் அப்லோடு 20 எம்பிபிஎஸ்தான் என்றால் 400 மில்லி செகண்ட். டவுன்லோடு 100 முழுசாக வருகிறதென்று கம்பெனிக்காரர் சொல்வதும் உண்மை, உங்கள் பிங் 300 என்பதும் உண்மை. வழக்கமாகப் பார்க்கும் அந்த ஒற்றை எண் வரிசையின் நீளத்தைக் காட்டுவதில்லை. ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் விவரத்தைக் கூடுதலாகக் காட்டச் சொன்னால், லைன் சும்மா இருக்கும்போது எவ்வளவு தாமதம், நிரம்பும்போது எவ்வளவு தாமதம் என்று தனித்தனியாக வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 30-க்குள் இருந்தால் கவலை இல்லை. 100-ஐத் தாண்டினால் விளையாட முடியாது.

இதற்கு மருந்து கண்டுபிடித்துப் பல வருடம் ஆகிறது. 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். பாக்கெட்டுகள் 5 மில்லி செகண்டுக்கு மேல் காத்திருக்கும் நிலை 100 மில்லி செகண்ட் தொடர்ந்தால், ஒன்றிரண்டு பாக்கெட்டைக் கீழே போட்டு, அனுப்புகிறவரை வேகத்தைக் குறைக்க வைக்கும். அதன் அடுத்த வடிவங்களான எஃப்க்யூ-கோடெல், கேக் (CAKE) என்ற இரண்டும் இதோடு, ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போட்டுவிடும். கேம் பாக்கெட் அப்போது கேமரா வீடியோவின் பின்னால் நிற்காது.

செய்யும் முறை: எஸ்க்யூஎம், அதாவது இப்படி வரிசையை நிர்வகிக்கும் வசதி, உள்ள ரூட்டர் வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றக்கூடிய ரூட்டர் என்றால் போதும். அதைக் கம்பெனி கொடுத்த மோடமுக்கு அடுத்ததாக வைத்து, வீட்டில் உள்ள அத்தனை கருவியையும் இதன் வழியாகவே இணையுங்கள். மோடமின் சொந்த வைஃபையை அணைத்துவிட வேண்டும். ஒரே ஒரு கேமரா அந்தப் பழைய வைஃபையில் தங்கிவிட்டாலும், அது இந்த வரிசைக்கு வெளியே நின்று லைனை நிரப்பும். எத்தனையோ வீடுகளில் எஸ்க்யூஎம் போட்டும் பலனில்லை என்று அலுத்துக்கொள்வது இதனால்தான்.

பிறகு ராத்திரி 8-லிருந்து 11-க்குள் மூன்று நான்கு தடவை வேகத்தை அளந்து, வந்ததில் குறைந்த எண்ணை எடுங்கள். டவுன்லோடு 92, அப்லோடு 18 என்று வந்தால், எஸ்க்யூஎம்மில் அதன் 90 சதவீதத்தைக் கொடுங்கள்: 83-ம் 16-ம். பிளானில் எழுதியிருக்கும் 100-ஐ அப்படியே கொடுத்தால் வரிசை மறுபடி மோடமுக்குள்ளேயே உருவாகும், எஸ்க்யூஎம் சும்மா உட்கார்ந்திருக்கும். வரிசை முறையில் கேக் தேர்ந்தெடுங்கள். ஓவர்ஹெட் என்று கேட்கும் இடத்தில் 44 போட்டால் நம் ஊர் ஃபைபர் லைன்களுக்குப் போதும். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைக்கும் லைன் என்றால் சாதாரண வேன் (WAN, வெளி லைன்) என்பதைத் தேர்ந்தெடுக்காமல், பிபிபிஓஇ என்று தொடங்கும் வேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறுபடி அதே வீடியோவை ஏற்றிக்கொண்டே பிங் பாருங்கள். 30, 40-க்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் எண்ணை ஐந்து ஐந்து சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த வேலை ரூட்டரின் பிராசஸருக்குச் சுமை. விலை குறைந்த பழைய ரூட்டர்கள் 100 எம்பிபிஎஸ்ஸுக்கே மூச்சு வாங்கலாம். 300 பிளான் உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு ரூட்டர் வாங்க வழியில்லையென்றால், அப்லோடை அடக்குவதே பாதி வைத்தியம். கேமரா ஆப்பில் வீடியோ தரத்தை ஒரு படி இறக்குங்கள், அல்லது எந்நேரமும் பதிவதை விட்டு அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றுங்கள். போன்களில் போட்டோ பேக்கப்பைத் தானாக ஓடாமல் நிறுத்திவிட்டு, தூங்கப் போகும்போது கையால் ஓட விடுங்கள். விண்டோஸில் அப்டேட் பகுதிக்குள் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அடுத்தவர்களுக்கு அப்டேட்டை அனுப்பும் வேலை அது. அதை அணைத்துவிடுங்கள். பல ரூட்டர்களில் ஒவ்வொரு கருவிக்கும் வேக வரம்பு வைக்கும் வசதியும் இருக்கும். கேமராவுக்கு அப்லோடு வரம்பு வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

கேள்வி: ரூட்டர் ஹாலில், நான் படுக்கை அறையில் லேப்டாப்பில் விளையாடுகிறேன். வைஃபை நான்கு கோடும் நிறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் பிங் திடீர் திடீரென்று 150-க்குப் போய் இறங்குகிறது. லேன் வயர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.
- வாசகர், சேலம்

பதில்: கோடு நிறைந்திருப்பது சிக்னல் பலமாக இருப்பதை மட்டும்தான் சொல்லும். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அதே சேனலில் பக்கத்து வீட்டு ரூட்டர் பேசினால் உங்களுடையது காத்திருக்கும். பாக்கெட் சிதைந்தால் மறுபடி அனுப்பும். அந்தக் காத்திருப்பும் மறு அனுப்புதலும்தான் நீங்கள் பார்க்கும் 150.

முதலில் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். இன்னொரு அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடியில் இருபது ரூட்டர்கள் அந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. ரூட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால், தனித்தனிப் பெயர் கொடுத்து லேப்டாப்பை 5-ல் மட்டும் இணையுங்கள். சேனலைத் தானாகத் தேர்வதிலிருந்து மாற்றி 36 முதல் 48-க்குள், அல்லது 149 முதல் 161-க்குள் வையுங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் சிக்னல் தெரிந்தால் ரூட்டர் உடனே சேனலை விட்டு ஓட வேண்டும் என்பது விதி. நடு மேட்சில் அது நடந்தால் இணைப்பே அறுந்துபோகும். சேனல் அகலம் 80-ல் இருந்தால் 40 ஆக்கிப் பாருங்கள். வேகம் குறையும், பக்கத்து வீட்டோடு மோதல் குறையும்.

5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டச் சிரமப்படும். ஒரு செங்கல் சுவர் பரவாயில்லை, கான்கிரீட் தூண் கஷ்டம், இரும்பு பீரோ ஆகவே ஆகாது. ரூட்டருக்கும் உங்கள் மேசைக்கும் நடுவே பீரோவோ ஃபிரிட்ஜோ இருந்தால் ரூட்டரை இரண்டடி நகர்த்தி, ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டாம்.

பிங் ஏறுவது ஒழுங்கான இடைவெளியில், உதாரணமாக நிமிடத்துக்கு ஒரு தடவை என்று இருந்தால் காரணம் வேறு. லேப்டாப் அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேட, இருக்கும் சேனலை விட்டு ஒரு கணம் போய் வருகிறது. விண்டோஸில் லொகேஷன் வசதியை அணைத்தால் பல லேப்டாப்களில் இது நிற்கும். நிற்காவிட்டால் வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள்.

ப்ளூடூத் இயர்போன் போட்டு விளையாடுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். ப்ளூடூத்தும் 2.4-தான். பல லேப்டாப்களிலும் போன்களிலும் இரண்டும் ஆன்டெனாவையே பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். வயர் உள்ள இயர்போன் போட்டு ஒரு மேட்ச் ஆடிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

கடையில் விற்கும் ரிப்பீட்டரை வாங்காதீர்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் கேட்டு, மறுபடி அதே காற்றில் சொல்ல வேண்டும். சிக்னல் கோடு கூடும், தாமதமும் கூடும். சுவரில் துளை போடாமல், கதவு இடுக்கில் நுழையும் தட்டையான லேன் வயரை சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போக வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். வேறெதுவும் அதற்கு ஈடில்லை.

கேள்வி: லேன் வயரில்தான் விளையாடுகிறேன். ஆனால் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றுதான் காட்டுகிறது. சில சமயம் ஒரு வினாடி அப்படியே உறைகிறது.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: 1 கிகாபிட் இணைப்புக்கு வயருக்குள் உள்ள நான்கு ஜோடிகளும் வேலை செய்ய வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின்கள் போதும். அதனால் ஒரு கம்பி அறுந்தாலோ சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலோ இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 100 என்பதால் பிங் ஏறாது. அந்த அரைகுறைத் தொடர்பு அவ்வப்போது விட்டுப்போவதால்தான் உறைகிறது. இரு முனையிலும் ஆர்ஜே45 என்ற பிளக்கைப் புதிதாகப் போட்டு இந்த வரிசையில் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கேட் 5இ வயர் போதும், ஆனால் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயர் வளைத்தால் எளிதில் முறியும்.

கேள்வி: மழை பெய்தால் பாக்கெட் லாஸ் வருகிறது. மோடமில் சிவப்பு விளக்கு எரியவில்லை, அதனால் ஃபைபர் சரி என்கிறார் லைன்மேன்.
- வாசகர், கடலூர்

பதில்: எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய சிவப்பு விளக்கு, ஒளி கிட்டத்தட்ட முழுதாக நின்றால்தான் எரியும். அரைகுறையாக வரும் ஒளியை அது காட்டாது. பிரவுசரில் மோடமின் செட்டிங் பக்கத்தைத் திறந்து ஆர்எக்ஸ் பவர் அல்லது ஆப்டிகல் பவர் என்ற எண்ணைப் பாருங்கள். அது கழித்தல் எண்ணாக இருக்கும். -15 முதல் -24 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) வரை நல்லது. சாதாரண மோடம்களுக்கு -27 வரைதான் தாக்குப்பிடிக்கும் எல்லை. ஒவ்வொரு 3 குறையும்போதும் ஒளி பாதியாகிறது. வெயில் நாளில் ஒரு தடவை, மழை நாளில் ஒரு தடவை குறித்து வையுங்கள். -22 என்பது மழையில் -27 ஆனால் வெளியே எங்கோ ஜாயின்ட் பெட்டியில் தண்ணீர் இறங்குகிறது. அந்த இரண்டு எண்ணையும் லைன்மேனிடம் காட்டுங்கள்.

வீட்டுக்குள் இரண்டு இடத்தைப் பாருங்கள். மஞ்சள் ஃபைபர் வயரை ஆணியில் சுருட்டி மாட்டியிருந்தால் அவிழ்த்து, உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வளையமாக விடுங்கள். பச்சை முனையைப் பச்சை சாக்கெட்டிலும் நீல முனையை நீலத்திலும்தான் செருக வேண்டும். பச்சையின் முகம் சாய்வாகத் தேய்த்தது, நீலம் அப்படியல்ல. மாற்றிச் செருகினாலும் உள்ளே போகும், ஆனால் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும்.

கேள்வி: பிஜிஎம்ஐ கேமை போனில் விளையாடுகிறேன். 5ஜி வந்தபிறகு பிங் குறையும் என்று பார்த்தால் 40-லிருந்து திடீரென்று 300 போகிறது. 4ஜி-யில்கூட இப்படி இல்லை.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் இடத்தில் 5ஜி சிக்னல் ஓரமாக வருகிறது போலிருக்கிறது. போன் 5ஜி-க்கும் 4ஜி-க்கும் மாறி மாறித் தாவுகிறது. ஒவ்வொரு தாவலும் ஒரு தடங்கல். செட்டிங்கில் போனைப் பற்றிய பகுதியில் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் சிக்னல் பலம் டிபிஎம்-மில் இருக்கும். -95-ஐவிட நல்லதாக, அதாவது -80, -90 என்று இருந்தால் நிம்மதியாக விளையாடலாம். -110-க்கு அப்பால் போனால் எந்த ஜி-யும் உதவாது. விளையாடும் நேரம் நெட்வொர்க்கை 4ஜி-க்கு மட்டும் பூட்டிப் பாருங்கள். ஆடாமல் நிற்கும் 4ஜி, தாவிக்கொண்டிருக்கும் 5ஜி-யைவிட மேல். ஜன்னலோரம் உட்காருவதும் அறை மாறுவதும் சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் போனில் எண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரே வீட்டில் 15 டிபிஎம் வித்தியாசம் சாதாரணமாக வரும்.

இரண்டு சிம் போட்டிருந்தால், டேட்டா இல்லாத சிம்மில் கால் வந்தால் பல போன்களில் டேட்டா நின்றுவிடும். மேட்ச் முடியும்வரை அந்த சிம்மை அணைத்து வையுங்கள்.

போன் சூடாகித் திணறுவதையும் நெட் லேக் என்றே பலர் சொல்கிறார்கள். திரையில் பிங் எண் பச்சையாகவே இருந்து படம் மட்டும் இழுத்தால் அது நெட் அல்ல, பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டு ஆடாதீர்கள், ஃபிரேம் ரேட்டை ஒரு படி இறக்குங்கள். ஆட்கள் ஓடிய இடத்துக்கே திரும்பி இழுக்கப்படுவது, சுட்ட குண்டு பதியாமல் போவது, கதவு திறந்து தானாக மூடுவது, இவைதான் நெட்டின் அறிகுறிகள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். மச்சான்மார் ஒருவர் லண்டனில், மற்றவர் ரொறொன்ரோவில். மூவரும் சேர்ந்து விளையாட எந்த சர்வரைத் தெரிவு செய்வது? சிங்கப்பூர் போட்டால் அவர்கள் கத்துகிறார்கள், அமெரிக்கா போட்டால் எனக்கு விளையாடவே ஏலாது.
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: லண்டன் அல்லது ஃபிராங்ஃபர்ட் சர்வர். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் நேர்கோட்டில் சுமார் 8,500 கிலோமீட்டர், லண்டனிலிருந்து ரொறொன்ரோ சுமார் 5,700. ஒளியின் கணக்குப்படி உங்களுக்குக் குறைந்தது 85, ரொறொன்ரோ மச்சானுக்குக் குறைந்தது 57 மில்லி செகண்ட். கேபிள் வளைவையும் சேர்த்தால் நிஜத்தில் உங்களுக்கு 150-ஐத் தாண்டும், அவருக்கு 100-ஐ ஒட்டி வரும், லண்டன்காரருக்கு சொற்பம். அமெரிக்க சர்வரில் உங்களுடையது 250-க்கும் மேல் போய்விடும்.

இந்தப் பாதை செங்கடல் வழியாகப் போகிறது. 2024 பிப்ரவரியிலும் 2025 செப்டம்பரிலும் அங்கே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான டேட்டா சுற்றுப் பாதையில் போனது. ஒரே நாளில் ஐரோப்பிய பிங் மட்டும் 80, 100 கூடி, சிங்கப்பூர் பிங் அப்படியே இருந்தால் உங்கள் ரூட்டரைத் தொடாதீர்கள். துப்பாக்கிச் சண்டை கேம்களைவிட, கட்டுமானம், உத்தி, கூட்டாகச் சேர்ந்து கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடும் கேம்கள் 150 பிங்கை நன்றாகவே தாங்கும். மூன்று கண்டத்து உறவுகள் சேர்ந்து ஆட அவை நல்ல தேர்வு.

கேள்வி: டிஎன்எஸ்ஸை 1.1.1.1 ஆக்கினால் பிங் குறையும், ரெஜிஸ்ட்ரியில் சில எண்களை மாற்றினால் குறையும், கேமிங் விபிஎன் போட்டால் குறையும் என்கிறார்களே?
- வாசகர், திருப்பூர்

பதில்: டிஎன்எஸ் வேலை, பெயரை எண்ணாக மாற்றித் தருவதோடு முடிந்தது. மேட்ச் தொடங்கியபின் பாக்கெட்டுகள் அந்தப் பக்கமே போவதில்லை. ரெஜிஸ்ட்ரியில் மாற்றச் சொல்லும் டிசிபி எண்கள் டிசிபி என்ற டேட்டா அனுப்பும் முறைக்கு மட்டும் பொருந்தும். வேகமான கேம்கள் பெரும்பாலும் யூடிபி என்ற வேறு முறையில் ஓடுகின்றன. விபிஎன், அதாவது டேட்டாவை வேறொருவரின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை, ஒரே ஒரு சூழ்நிலையில் உதவும்: உங்கள் கம்பெனி மும்பைக்குப் போக வேண்டியதை சிங்கப்பூர் வழியாகச் சுற்றி அனுப்பினால், விபிஎன்காரரின் பாதை நேராக இருக்கலாம். இலவச சோதனைக் காலத்தில் அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். குறையவில்லையென்றால் காசு கட்டாதீர்கள்.

கேள்வி: நேட் டைப் ஸ்ட்ரிக்ட் என்று வருகிறது. இதனால் பிங் ஏறுமா?
- வாசகர், வேலூர்

பதில்: பொதுவாக ஏறாது. நேட் என்பது வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே முகவரியில் வெளியே போகும் முறை. ஸ்ட்ரிக்ட் என்றால் வெளியிலிருந்து வரும் இணைப்பு தடுக்கப்படுகிறது. நண்பர்களின் அறையில் சேர முடியாது, குரல் கேட்காது. ரூட்டரில் யூபிஎன்பி-யை ஆன் செய்யுங்கள், கேமுக்கு வேண்டிய போர்ட்டை (இணைப்பு வாசல்) அது தானாகத் திறக்கும். ரூட்டரின் வேன் முகவரி 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால், கம்பெனி பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்திருக்கிறது. அப்போது போர்ட் திறப்பது வீண். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியைக் கேட்டு வாங்குங்கள், அல்லது நிலையான பொது ஐபிக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டும்.

கேள்வி: டிரேஸ், அதாவது பாக்கெட் போகும் வழியில் உள்ள ரூட்டர்களின் பட்டியல், எடுத்துப் பார்த்தேன். நான்காவது வரியில் மூன்று நட்சத்திரம், ஏழாவதில் 190 மில்லி செகண்ட். கடைசி வரி 34. கம்பெனியிடம் நான்காவது ரூட்டர் கெட்டுவிட்டது என்று சொன்னேன், ஏற்றுக்கொள்ளவில்லை. எப்படிப் புகார் கொடுப்பது?
- வாசகர், மதுரை

பதில்: இந்த இடத்தில் கம்பெனி சொல்வதுதான் சரி. நடுவில் இருக்கும் ரூட்டர்களுக்கு வேலை பாக்கெட்டை அடுத்த இடத்துக்கு அனுப்புவது. நீ யார் என்று கேட்கும் பிங்குக்குப் பதில் சொல்வது அவற்றுக்குக் கடைசி வேலை. நேரமிருந்தால் சொல்லும், சில சொல்லவே சொல்லாது. கடைசி வரி 34 என்றால், நான்காவதும் ஏழாவதும் உங்கள் பாக்கெட்டைத் தாமதிக்கவில்லை. ஒரு வரியில் தொடங்கிய தாமதமோ இழப்போ அதற்குக் கீழே உள்ள எல்லா வரிகளிலும் கடைசிவரை தொடர்ந்தால் மட்டுமே அந்த இடம் சந்தேகத்துக்குரியது.

ஒரு தடவை எடுத்த டிரேஸ் போதாது. வின்எம்டிஆர் என்ற இலவச மென்பொருள், ஒவ்வொரு ரூட்டருக்கும் தொடர்ந்து பிங் அனுப்பி இழப்பு சதவீதத்தையும் சராசரியையும் காட்டும். லேன் வயரில், வீட்டில் வேறு யாரும் நெட் பயன்படுத்தாத நேரத்தில், குறைந்தது 500 பாக்கெட் போகும்வரை ஓட விடுங்கள். பிரச்சினை வரும் ராத்திரி 9 மணிக்கு ஒன்று, பிரச்சினை இல்லாத காலை 7 மணிக்கு ஒன்று. கேம் சர்வரின் முகவரி தெரிய, மேட்ச் நடக்கும்போது விண்டோஸ் ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து கேமின் பெயருக்கு எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள். அந்த சர்வர் பிங்குக்குப் பதில் தராவிட்டால் 8.8.8.8-க்கே எடுங்கள்.

புகாரில் நெட் ஸ்லோ என்று எழுதினால் ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொல்லி மூடிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: "லேன் வயரில் ரூட்டருக்கு 1 மில்லி செகண்ட், இழப்பு இல்லை. உங்கள் நெட்வொர்க்கின் மூன்றாவது வரியிலிருந்து இரவு 8 முதல் 11 வரை 6 சதவீத இழப்பு, கடைசிவரை தொடர்கிறது. காலையில் இழப்பு இல்லை. ஃபைபர் பவர் -21. இரண்டு வின்எம்டிஆர் படமும் இணைத்துள்ளேன்." எண்கள் உங்களுடையவையாக இருக்கட்டும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு வராவிட்டால் அதே எண்ணைக் குறிப்பிட்டு அந்தக் கம்பெனியின் அப்பீலேட் அதாரிட்டிக்கு அனுப்பலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஒரு மேல்முறையீட்டுப் பிரிவை வைத்திருக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது.